சுமைகூலி யார் கணக்கில்?

இருநூறு ரூபாய்க்கு மளிகை விற்றால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்? சோப்பு, பிஸ்கட், பற்பசை போன்ற கம்பெனிச் சரக்கு என்றால் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். பருப்பு, மிளகாய், மல்லி என்றால் கொஞ்சம் கூடும். பாலில் அநேகமாக ஒன்றுமில்லை. கூட்டிக் கழித்தால் இருபது, இருபத்தைந்து ரூபாய். கடை வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், அழுகியது, எலி கடித்தது எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். இப்போது அதே சரக்கை ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட, இன்னொருவர் பைக்கில் இரண்டு கிலோமீட்டர் கொண்டுவந்து, மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலோடு சேர்த்து அவருக்கு இருபது முப்பது ரூபாயாவது கொடுக்க வேண்டும். லாபம் அத்தோடு தீர்ந்தது.

இணையத்தில் மளிகை வாங்குவது பற்றிய பேச்செல்லாம் வசதியா சோம்பலா, அண்ணாச்சி கடையா ஆப்பா என்ற பட்டிமன்றமாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலைத் தூக்கிவிட்டதும் கவிழ்த்ததும் மேலே சொன்ன சின்னக் கணக்குதான். சூப்பர் மார்க்கெட்டில் கூடையோடு அலைவது, பொறுக்குவது, சுமந்து வருவது எல்லாம் வாங்குகிறவர் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலை. பொருளை வீட்டுக்கு வரவழைத்தால் அந்த வேலை ஒழிந்துபோவதில்லை, வேறு ஒருவர் தலையில் ஏறுகிறது. அதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலியை யார் கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு காலத்திலும் பார்த்துக்கொண்டே வந்தால் இந்தத் தொழிலின் வரலாறு முழுவதும் பிடிபட்டுவிடும்.

மின்வழி மளிகையின் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவராக அறியப்படுபவர் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரைச் சேர்ந்த ஜேன் ஸ்னோபால். 1984இல், 72 வயதில், வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டை அழுத்தி டெஸ்கோ கடையிலிருந்து மார்கரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை வரவழைத்தார். தொலைபேசிக் கம்பி வழியாகத் தகவல் போகும் அந்த ஏற்பாட்டின் தொழில்நுட்பம் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவருடையது. கடைக்கு நடந்து போக முடியாத முதியவர்களுக்கான சமூகநல முயற்சி அது. லாபம் அதன் நோக்கமாகவே இல்லை.

லாபத்துக்காக வந்தவர்களில் பேர்பெற்ற தோல்வி வெப்வேன். புத்தகக் கடைத் தொழிலில் வென்ற லூயிஸ் போர்டர்ஸ் தொடங்கிய நிறுவனம். 1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் விநியோகம் ஆரம்பமானது. தானியங்கிக் கிடங்குகள் கட்ட பெக்டெல் நிறுவனத்தோடு நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வாடிக்கையாளர் குறிக்கும் அரை மணி நேர இடைவெளிக்குள் பொருள் வந்து சேரும் என்று வாக்களித்தார்கள். கிடங்குகள் பெரிது, வந்த ஆர்டர்கள் கொஞ்சம். 2001 ஜூலையில் திவால். அதே காலத்தில் டெஸ்கோ புதிதாக எதையும் கட்டவில்லை. இருக்கும் கடையிலேயே ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியோடு போய்ப் பொருளை எடுத்தார். கொண்டுவந்து கொடுக்க ஐந்து பவுண்டு தனியாக வாங்கினார்கள். சுமைகூலியை வாங்குகிறவரிடமே வெளிப்படையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். பிழைத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் 1999இல் ஃபாப்மார்ட் வந்தது. இணையத்தில் மளிகை வாங்க அன்று இங்கே ஆள் போதவில்லை; ஃபாப்மால் என்ற பெயரில் தெருவிலேயே கடைகள் திறக்க வேண்டியதாயிற்று. அந்த நிறுவனர்களில் சிலர்தான் 2011இல் பெங்களூரில் பிக்பாஸ்கெட்டைத் தொடங்கினார்கள். இன்று ஆர்டர் கொடுத்தால் நாளைக் காலையோ மாலையோ, நாம் குறித்த நேரத்தில் வேன் வரும் என்பது அதன் அன்றைய ஏற்பாடு. ஒரே வேன், ஒரே பேட்டை, ஒரே சுற்றில் பல வீடுகள். பக்கத்துக் கடையிலிருந்தே பொருள் எடுத்துக் கொடுத்துத் தள்ளுபடியில் ஆள் பிடிக்கப் பார்த்த பெப்பர்டேப் 2016இல் மூடப்பட்டது. மெதுவாக வந்த வேன் தங்கிவிட்டது.

நம் ஊருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. சென்னையில் மாசச் சாமான் வீட்டுக்கு வருவது இணையத்தைவிட ரொம்பப் பழையது. முதல் வாரத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தால் மாலைக்குள் கடைப் பையன் சைக்கிளில் இரண்டு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வருவான். தனியாகக் கூலி கிடையாது. ஒரு டம்ளர் காபி, தீபாவளிக்கு ஏதோ இனாம். கடைக்காரருக்குக் கட்டுப்படியானதற்குக் காரணம் இருந்தது: ஒரு நடையில் மூவாயிரம் ரூபாய்ச் சரக்கு போகும், அடுத்த வீட்டுச் சீட்டும் அதே சைக்கிளில் ஏறும். ஆவின் பால் அட்டையும் இதே தர்க்கம்தான். மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். விடிவதற்குள் ஒருவர் தெரு முழுக்க நடந்து வாசல் வாசலாகப் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறார். பாலில் லாபமே இல்லையென்றாலும் வீடு தேடி வருவது இதனால்தான். பல வீட்டுச் சுமையை ஒரு நடையில் சேர்த்துவிட்டால் கூலி பைசாக் கணக்கில் வந்துவிடுகிறது. காத்திருக்கச் சம்மதிப்பதுதான் வாங்குகிறவர் அதற்குக் கொடுக்கும் விலை.

கொரோனா இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் குலுக்கிப் போட்டது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும் இணைய நிறுவனங்களில் நேரம் குறிப்பதே குதிரைக் கொம்பானது. மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. அடுத்த ஆண்டு மே மாத முழு ஊரடங்கில் தமிழக அரசே நடமாடும் காய்கறி வண்டிகளை விட்டது. மளிகைக் கடைகள் தொலைபேசியில் ஆர்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. வாட்ஸ்அப்பில் சீட்டின் படம், கூகுள் பேயில் பணம் என்று அண்ணாச்சி கடைகள் அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சித் திட்டமும் பத்தாண்டுகளில் கற்றுக்கொடுத்திருக்காது.

அதே காலத்தில்தான் பத்து நிமிட டெலிவரி வந்தது. ஸ்விகியின் இன்ஸ்டாமார்ட் 2020இல், ஜெப்டோ 2021இல். 2013இல் தொடங்கிய குரோஃபர்ஸ் 2021 டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே ஓட்டத்தில் இறங்கியது. ஏற்பாடு எளிது. குடியிருப்புகளுக்கு நடுவே மூவாயிரம் சதுர அடி சுமாருக்கு ஒரு கிடங்கு. அதற்கு ‘டார்க் ஸ்டோர்’ என்று பெயர். பெயர்ப்பலகை பார்த்து யாரும் உள்ளே போய் வாங்க முடியாது. அதிகம் போகும் பொருள்கள் பொட்டலம் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆர்டர் விழுந்த ஓரிரு நிமிடங்களில் பை தயார். வாசலில் பைக்குகள் காத்து நிற்கும். வேளச்சேரி, அண்ணா நகர், ஓஎம்ஆர் பக்கம் ஏதாவது ஒரு சந்தில் ஒரே நிறச் சட்டை போட்ட இருபது பேர் மொபைலைப் பார்த்துக்கொண்டு நின்றால், பின்னால் இருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வேகத்தில் அடிபட்டுப்போவது ஒரு நடையில் பல வீடு என்ற பழைய சிக்கனம். பத்து நிமிடக் கெடு வைத்தால் அடுத்த வீட்டு ஆர்டருக்காக ஒருவரும் காத்திருக்க முடியாது. ஒரு பைக், ஒரு பை, ஒரு வாசல். சில சமயம் அந்தப் பையில் இருப்பது ஒரு தயிர் பாக்கெட்டும் ஒரு கட்டுக் கொத்தமல்லியும். மிகவும் செலவு கூடிய விநியோக முறை இது. ஐரோப்பாவில் இது அவ்வளவாக நிலைக்கவில்லை. 2015இல் இஸ்தான்புல்லில் பிறந்த கெதிர், 2022 டிசம்பரில் பெர்லினின் கொரில்லாஸ் நிறுவனத்தை விழுங்கிவிட்டு, 2024இல் பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா எல்லாவற்றிலிருந்தும் மூட்டை கட்டியது. ஆம்ஸ்டர்டாம் நகரம் புதிய இருட்டுக் கிடங்குகளுக்குத் தடை போட்டது. பிரான்சில் இவை கடையல்ல, கிடங்குதான் என்று 2023இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொன்னதால், குடியிருப்புப் பகுதிகளில் இவற்றைக் கட்டுப்படுத்த நகராட்சிகளுக்கு வழி கிடைத்தது.

அங்கே விழுந்தது இங்கே எப்படி நிற்கிறது? செயற்கை நுண்ணறிவு, முன்கணிப்பு, அல்காரிதம் என்று நிறுவனங்கள் ஏதேதோ சொல்லும். அவற்றுக்கும் பங்கு இல்லாமலில்லை. ஆனால் இந்திய நகரங்களில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன, ஆள் கூலி மலிவாக இருக்கிறது என்ற இரண்டை எடுத்துவிட்டால் மற்றவை ஒரு மாதம்கூடத் தாங்காது என்பது என் துணிபு. பெர்லினில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மணிக் கணக்கில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் உண்டு. இங்கே ஆர்டர் கணக்கில்தான் பணம். பெட்ரோல், பைக் தவணை, பஞ்சர் எல்லாம் அவர் பாடு.

ஆக, சுமைகூலியின் முதல் பங்கை ஓட்டுகிறவர் தன் நேரத்திலும் உடம்பிலும் கொடுக்கிறார். ஓட்டுநரின் திரையில் பத்து நிமிடக் கெடு எதுவும் ஓடுவதில்லை, கிடங்கு பக்கத்தில் இருப்பதால்தான் வேகம் என்பது நிறுவனங்களின் பதில். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி வைத்து, இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை என்றும் வைத்துவிட்டால் கெடு எதற்குத் தனியாக? 2025 டிசம்பர் கடைசியில் விநியோகத் தொழிலாளர்கள் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாதம் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் கேட்டுக்கொண்டதையடுத்து பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து ‘பத்து நிமிடம்’ என்பதை எடுத்தது. கூலிமுறை அப்படியேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இணையவழி சேவைத் தொழிலாளர்களுக்கு 2023இல் நலவாரியம் அமைந்தது. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் அவர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது. கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் பகல் முழுக்க பைக்கில் திரிகிறவருக்கு, அதிலும் கழிப்பறை தேடி அலையும் பெண்களுக்கு, அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது பங்கு முதலீட்டாளர்களுடையது. சொமேட்டோ 2022இல் பிளிங்கிட்டை வாங்க முடிவெடுத்தபோது விலை சுமார் 4,447 கோடி ரூபாய். அதே ஆண்டுத் தொடக்கத்தில், இதே ஓட்டத்தில் இருந்த டன்சோ நிறுவனத்தில் ரிலையன்ஸ் 20 கோடி டாலர் முதலீட்டை முன்னின்று போட்டது. 2025 ஜனவரியில் டன்சோவின் ஆப் அணைந்தது. நாம் இலவச டெலிவரி என்று நினைத்துக்கொண்டு வாங்கிய வெங்காயத்தின் சுமைகூலி எங்கேயோ யாருடைய ஓய்வூதிய நிதியிலிருந்தோ வந்திருக்கலாம்.

மூன்றாவது பங்கு சரக்குக் கம்பெனிகளுடையது. ‘இட்லிப் பொடி’ என்று தேடினால் முதலில் வருவது நல்ல பொடியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அந்த இடத்துக்குப் பணம் கட்டிய பொடியாக இருக்கலாம். கடை அலமாரியின் கண்மட்டத் தட்டுக்குக் கம்பெனிகள் பணம் கொடுப்பது பழைய பழக்கம்தான். ஆனால் கடையில் குனிந்து பார்த்தால் மற்றதும் தெரியும். ஐந்தங்குலத் திரையில் குனிய இடமில்லை.

மிச்சம் நம் தலையில். கையாளும் கட்டணம், சிறு ஆர்டர் கட்டணம், மழைக் கட்டணம் என்று பில்லின் அடியில் வரிசையாக வரும். கட்டணம் வாங்குவதைக் குறை சொல்லமாட்டேன், டெஸ்கோ செய்ததும் அதுதான். கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைப்பதுதான் தவறு. விலையைத் துளித்துளியாகக் கூட்டுவது, கேட்காததைக் கூடையில் போடுவது, ‘இன்னும் இரண்டே இருக்கிறது’ என்று அவசரப்படுத்துவது உள்ளிட்ட 13 தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்டுத் தடைசெய்தது. பட்டியல் நல்ல பட்டியல். பில்லைக் கடைசி வரி வரை படிக்கும் வேலை இன்னும் நம்மிடம்தான்.

சுமக்கும் வேலையோடு பொறுக்கும் வேலையும் கைமாறியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது, முருங்கையை முறுக்கிப் பார்ப்பது, தேங்காயைக் காதோரம் ஆட்டுவது எல்லாம் அறிவு. கிடங்கில் எடுத்துப் போடுகிறவருக்கு அதற்கு நேரமும் இல்லை, அந்தக் குழம்பில் அவருக்குப் பங்கும் இல்லை. தரத்துக்குப் பதிலாக நிறுவனங்கள் கண்டுபிடித்திருப்பது பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. படம் எடுத்து அனுப்பினால் முப்பது ரூபாய் உடனே வந்துவிடும். மதியச் சாம்பாருக்குக் காய் வராது. பாக்கெட் சரக்கில் இந்தத் தொல்லை குறைவு, கையில் எடுத்துத் தேதி பார்க்க முடியாது என்பது தவிர. வீட்டுக்கு வந்து சேரும்போது உணவுப்பொருளுக்கு ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சமிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இந்த நிறுவனங்களிடம் சொன்னது.

அரிசி தனிக் கதை. பொன்னியா, இட்லி அரிசியா என்பதை ஆப் சொல்லும். பழசா புதுசா என்பதைச் சொல்லாது. “இது புது அரிசிம்மா, குழையும். ரெண்டு மாசம் போகட்டும், அதுவரை இதை எடுத்துக்குங்க” என்று சொல்ல ஒரு அண்ணாச்சி வேண்டும். 

பிரச்சினை வந்தால் யாரைப் பிடிப்பது? பில்லை எடுத்துப் பாருங்கள், விற்பவர் பெயர் என்று பல சமயம் கேள்விப்படாத ஒரு நிறுவனம் இருக்கும். அந்நிய முதலீடு உள்ள இணையத்தளம் பிறர் சரக்கை விற்க இடம் கொடுக்கலாம், தானே சரக்கு வைத்து விற்பதற்குத் தடை என்பது இந்திய விதி. அதனால் வந்த வேடம் இது. சொமேட்டோவின் தாய் நிறுவனம் (இப்போது எடர்னல்) 2025இல் வெளிநாட்டுப் பங்கை 49.5 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொண்டதும் பிளிங்கிட் தானே சரக்கு வைத்து விற்க வழி தேடித்தான்.

தெருக்கடைகள் என்னவாகும் என்ற கேள்விக்கு வருகிறேன். ஓராண்டில் இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாக 2024இல் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு சொன்னது. விரைவு விற்பனைக்கு எதிராகப் போட்டி ஆணையத்திடமும் போனது. வழக்கில் நிற்கும் ஒரு தரப்பின் எண் என்பதால் நான் அதைப் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன். மூடலைவிட மெதுவாக நடப்பது ஒன்று இருக்கிறது. கையில் காசுள்ளவர்கள் ஷாம்பு, சாக்லேட், நெய் என்று லாபம் தரும் சரக்கை ஆப்பில் வாங்கிக்கொள்கிறார்கள். பற்று நோட்டில் எழுதி வாங்குகிறவர்கள் கடையிலேயே இருக்கிறார்கள். ரொக்கம் தந்த லாபத்தில்தான் வட்டியில்லாத அந்தக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. ரொக்கம் நகர நகர, நோட்டு மட்டும் கனக்கிறது. சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் ஒரு வீட்டுத் துவரம்பருப்புக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாடு எந்த ஆப்பிலும் இல்லை. பிறகு கட்டலாம் என்று காட்டும் பொத்தானுக்குப் பின்னால் அபராதமும் கடன் மதிப்பெண்ணும் இருக்கின்றன.

சின்னக் கடைகளையும் இணையத்தில் ஏற்ற அரசு கொண்டுவந்த ஓஎன்டிசி வலையமைப்பின் வெள்ளோட்டம் 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் நடந்தது. கோயம்புத்தூர் அவற்றில் ஒன்று. எந்த ஆப்பில் தேடினாலும் எந்தக் கடையும் தெரியவேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அது தீர்த்தது கடையைக் கண்டுபிடிக்கும் சிக்கலை. மூட்டையை யார் தூக்கிவருவது என்பது அப்படியே நிற்கிறது.

2025 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டத்தை இந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலிலேயே கொடுக்கும் திட்டமாக அது தொடங்கியது. தொடங்கியபோது 21 லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகள், ஒதுக்கிய செலவு சுமார் 30 கோடி ரூபாய். மின்னணுத் தராசோடு வேன் தெருவுக்கே வந்தது. மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறு என்று தொடக்கத்தில் நாள் குறித்தார்கள். இத்தனை பேருக்கு இவ்வளவு குறைந்த செலவில் முடிவதற்கு மந்திரம் எதுவுமில்லை. குறித்த நாள், ஒரே வண்டி, வரிசையாக வீடுகள். சுமைகூலி அரசின் கணக்கில்.

முதலீட்டாளர்கள் லாபம் கேட்கத் தொடங்கியதும் ஆப்களில் கட்டணம் ஏறத்தான் செய்யும். உடனே வேண்டும் என்றால் நாற்பது ரூபாய், மாலை ஆறு மணிக்குப் போதும் என்றால் ஒன்றுமில்லை என்று திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் எத்தனை பேர் அவசரத்தை வாங்குவார்கள் என்று தெரிந்துவிடும். நிறுவனங்கள் அதைக் காட்டத் தயங்குவதிலேயே பதில் பாதி இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் கிட்டத்தட்ட அப்படித்தான் நடத்துகிறார். வாட்ஸ்அப்பில் சீட்டு வாங்கி, காலை பதினொரு மணிக்கு ஒரு சுற்று, மாலை ஆறு மணிக்கு ஒரு சுற்று. முந்நூறு ரூபாய்க்குக் குறைந்தால் எடுக்கமாட்டார். வாடிக்கை நன்றாகவே இருக்கிறது. அவருக்குக் கிடைக்காதது சுற்றுக்குப் போக ஒரு பையன். முன்பு இருந்தவன் ஆப் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நாளுக்கு நூறு, நூற்றைம்பது கூடக் கிடைக்கிறதாம். அதைவிடக் கூட்டிக் கொடுத்தால் தன் கணக்கு உதைக்கும் என்கிறார். அதனால் இப்போது மாலைச் சுற்றுக்கு மச்சானைக் கடையில் உட்காரவைத்துவிட்டு அவரே வண்டி எடுக்கிறார்.